இரட்டை இறக்கை விமான மாதிரிகளில் ரிக்கிங் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

முதல் உலகப் போர்க்கால இரட்டை இறக்கை விமானங்களை 1/72, 1/48 அளவுகளில் கட்டுபவர்கள் உடலை ஒட்டி வண்ணம் பூசும் வரை பெரும்பாலும் தடையின்றி வந்துவிடுகிறார்கள். ரிக்கிங் எனப்படும் கம்பி கட்டும் கட்டத்தில்தான் வேலை நின்றுபோகிறது. வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களிலிருந்து சரிசெய்வதற்காக என் மேசைக்கு வரும் மாதிரிகளில் திரும்பத் திரும்பக் காணும் கோளாறுகளை இங்கே அறிகுறி வாரியாகத் தருகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் சோதித்து, அது இல்லையென்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உண்மையான விமானத்தில் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும்தான் இறக்கையை நேராக்கினார்கள். நம் மாதிரியில் இறக்கையை நேராக வைத்திருப்பது ஸ்ட்ரட் என்னும் தூண்களும் அவற்றின் ஒட்டும்தான். கோணிய இறக்கையைக் கம்பியால் இழுத்து நேராக்க முயலும் மாதிரி, ஒன்று அன்றே ஒடிகிறது, அல்லது சில மாதங்களில் மெல்ல முறுக்கிக்கொள்கிறது. ஆகையால் எந்த அறிகுறியானாலும் முதலில் தூணைப் பாருங்கள், அதன் பிறகு கம்பியைப் பாருங்கள்.

கீழே வரும் பெயர்கள் இவை. கீழ் இறக்கையின் வேரிலிருந்து மேல் இறக்கையில் வெளி ஸ்ட்ரட்டின் தலைக்கு ஏறுவது ஃப்ளையிங் கம்பி. மேல் இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து வெளி ஸ்ட்ரட்டின் காலுக்கு இறங்குவது லேண்டிங் கம்பி. உடலுக்கும் மேல் இறக்கைக்கும் இடையே நிற்கும் குட்டைத் தூண்கள் கேபேன் ஸ்ட்ரட்டுகள்.

அறிகுறி 1: கம்பி தொய்கிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான். காரணங்கள் பலவாக இருப்பதால் கிளை பிரித்தே பார்க்க வேண்டும்.

*ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து தொய்ந்தால்*

நைலான் இழை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சற்றே நீளும். வடகிழக்குப் பருவமழையின்போது தொய்ந்த கம்பி தை மாதத்தில் தானாகவே இறுகிவிட்டால் ஒட்டில் கோளாறு இல்லை என்று பொருள். கண்ணை உறுத்தும் அளவுக்குத் தொய்ந்திருந்தால் ஊதுபத்தி போதும். பத்தியைக் கொளுத்தி, சாம்பலைத் தட்டிவிட்டு, சிவந்த முனையைக் கம்பிக்குக் கீழே ஒரு விரல்கடைத் தொலைவில் பிடித்து, நடுவிலிருந்து இரு பக்கமும் மெல்ல நகர்த்த வேண்டும். ஓரிரு நொடிகளில் இழை சுருங்கி நேராவது தெரியும். நேரான கணத்திலேயே பத்தியை விலக்கிவிட வேண்டும்; இன்னும் கொஞ்சம் என்று நெருங்கினால் இழை அறுந்துவிடும். ஸ்ப்ரூவை (பெட்டியில் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) சூடாக்கி இழுத்து எடுத்த பிளாஸ்டிக் இழைக்கும் இதே முறை பொருந்தும், ஆனால் அது நைலானைவிட விரைவாகச் சுருங்குவதால் தொலைவை இரட்டிப்பாக்குங்கள். லைக்ரா வகை மீள் நூலுக்கு அருகே பத்தியைக் கொண்டுபோகவே கூடாது. விமானியின் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் ஓடும் கம்பிகளையும் விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் கம்பிக்கு முன்பே வளைந்துவிடும்.

மழைக்காலம் தோறும் இதையே செய்துகொண்டிருக்க விருப்பமில்லை என்றால் அடுத்த மாதிரியை மீள் நூலில் கட்டுங்கள். அது ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து நிற்கிறது. விரலோ தூரிகையோ பட்டாலும் மீண்டு வருகிறது.

*ஒரே ஒரு கம்பி மட்டும் தொய்ந்தால்*

அதன் ஒரு முனையில் ஒட்டு நழுவியிருக்கிறது. எந்த முனை என்று அறிய, மெல்லிய தூரிகையின் மயிரால் கம்பியின் நடுவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இரு முனைகளையும் உருப்பெருக்கியில் கவனியுங்கள். நழுவிய முனையில் இழை துளைக்குள் போய் வருவது தெரியும். நைலான் வழவழப்பானது என்பதால் பசை அதை இறுகப் பற்றுவதில்லை. ஒட்டும் முன் கடைசி 3 மி.மீ. நீளத்தை மிக மென்மையான உப்புத்தாளின் மடிப்பில் வைத்து ஒருமுறை இழுத்தெடுத்தால் பிடிப்பு வந்துவிடும். நழுவிய முனையில் ஊசி நுனியளவு பசை வைத்து, கம்பியின் மறு கோடியில் துணிக் கிளிப் ஒன்றைத் தொங்கவிட்டு உலர விடுவதே எளிய வழி. இறக்கையின் மேற்பரப்பு வரை ஊடுருவித் துளையிட்டுக் கட்டியிருந்தால்தான் இப்படிக் கிளிப் தொங்கவிட முடியும். பாதி ஆழத் துளையானால் அந்தக் கம்பியை எடுத்துவிட்டுப் புதிது கட்டுவதே நேரம் மிச்சம்.

*ஒன்றை இறுக்கினால் இன்னொன்று தொய்ந்தால்*

எது தொய்கிறது என்பதை வைத்தே குறை எங்கே என்று சொல்லிவிடலாம்.

இடப்புற ஃப்ளையிங் கம்பியை இறுக்கும்போது வலப்புற லேண்டிங் கம்பி தளர்கிறது என்றால், மேல் இறக்கை முழுவதும் ஒரு மயிரிழை வலப்பக்கம் நகர்கிறது. அதாவது கேபேன் ஸ்ட்ரட்டுகள் ஆடுகின்றன. உடலை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, மேல் இறக்கையின் நடுவை மற்றொரு கை விரலால் பக்கவாட்டில் தொட்டுப் பாருங்கள். கேபேனின் நான்கு கால்களில் எது அசைகிறதோ அங்கே மெல்லோட்டமான பிளாஸ்டிக் சிமெண்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) தூரிகை நுனியால் விட்டு ஓர் இரவு அசையாமல் வைக்க வேண்டும். அந்த இடத்தில் வண்ணம் பூசியிருந்தால் சிமெண்ட் பிளாஸ்டிக்கை எட்டாது. கத்தி முனையால் வண்ணத்தைச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

அதே பக்கத்தில் முன் ஃப்ளையிங் கம்பியை இறுக்கும்போது பின் ஃப்ளையிங் கம்பி தளர்ந்தால், இறக்கை நுனியே கீழே இறங்குகிறது. வெளி ஸ்ட்ரட் தன் குழியில் முழுவதும் உட்காரவில்லை, அல்லது கீழ் இறக்கையின் வேர் ஒட்டு பலவீனமாக இருக்கிறது. ஸ்ட்ரட்டின் தலைக்குப் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்தால் இடைவெளி ஒளிக்கோடாகத் தெரியும். அந்தக் கோடு மறையும் வரை எந்தக் கம்பியையும் தொடாதீர்கள்.

*யாரை நாட வேண்டும்*

கேபேன் ஸ்ட்ரட் முறிந்தே போயிருந்து, ஒட்ட ஒட்ட மறுபடியும் விட்டுப்போனால் பிளாஸ்டிக்கோடு போராடிப் பயனில்லை. 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியில் அதே வடிவத்தை வளைத்து, நான்கு முனைகளையும் ஒரே சட்டமாகப் பற்றவைத்துக் கொடுக்குமாறு நகைப் பட்டறையில் கேளுங்கள். அளவு வரைபடத்தைக் கையில் கொடுத்தால் போதும். அவர்கள் அன்றாடம் செய்யும் வேலையைவிட இது நுணுக்கமானதன்று. தூண் மட்டும் தொலைந்திருந்தால் முப்பரிமாண அச்சுக் கடையில் ரெசினில் அச்சிட்டு வாங்கலாம், ஆனால் மெல்லிய ரெசின் எளிதில் நொறுங்குவதால் கேபேனுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வெளி ஸ்ட்ரட்டுக்குப் போதுமானது.

அறிகுறி 2: முன்னிருந்து பார்த்தால் இறக்கைகள் கோணலாகத் தெரிகின்றன

முதலில் அது கோணல்தானா என்று பாருங்கள். சாப்வித் கேமல் விமானத்தில் மேல் இறக்கை தட்டையாக இருக்கும், கீழ் இறக்கை மட்டும் 5 பாகை மேல்நோக்கி ஏறும். 1/72 அளவில் கீழ் இறக்கையின் நுனி வேரைவிட 4 முதல் 5 மி.மீ. வரை உயர்ந்து நிற்கும் என்பதால், இரண்டு இறக்கைகளும் இணையாக இல்லையே என்று எண்ணிப் பலர் அதை வளைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். இந்திய விமானி ஹர்தித் சிங் மாலிக் அந்தப் போரில் ஓட்டிய வகை என்பதால் நம் இளைஞர்கள் கேமலை விரும்பிக் கட்டுகிறார்கள். அவர்கள் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். 1918 ஜூலையில் இன்னொரு இந்திய விமானி இந்திர லால் ராய் 10 வான்போர் வெற்றிகளைப் பெற்ற எஸ்.இ.5ஏ வகையில் மேல் கீழ் இரண்டு இறக்கைகளும் ஏறுகோணத்தில் இருக்கும். பெட்டிப் படத்தை நம்பாமல், முன்புறத் தோற்ற வரைபடத்தை உங்கள் அளவுக்கு அச்சிட்டு, மாதிரியை அதன் முன் நிறுத்திப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

உண்மையிலேயே கோணல் என்றால் அளந்து பாருங்கள். இட, வல வெளி ஸ்ட்ரட்டுகளின் கால்களிலிருந்து, உடலின் பின்கோடியில் நிற்கும் வால் தூணுக்கு உள்ள தொலைவு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே கால்களிலிருந்து மூக்கின் நடுவுக்கு உள்ள தொலைவும் அப்படியே. அக்காலத்து ரிக்கர்கள் களத்தில் செய்த சோதனையும் இதுதான், அவர்கள் அளவு நாடாவால் செய்ததை நாம் நூலால் செய்கிறோம். கேமலின் இறக்கை விரிவு 8.53 மீட்டர், 1/72 அளவில் 118 மி.மீ. மட்டுமே. அத்தனை சிறிய பொருளில் 1 மி.மீ. பிசகும் அலமாரிக்கு எதிரே நிற்பவர் கண்ணுக்குப் பட்டுவிடும்.

*வால் தூண் அளவு வேறுபட்டு, மூக்கு அளவும் எதிர்த்திசையில் வேறுபட்டால்* இறக்கை பக்கவாட்டில் திரும்பி ஒட்டப்பட்டிருக்கிறது. கம்பி கட்டாத நிலையில் பிரித்து மறுபடி ஒட்டலாம். கம்பி கட்டிய பிறகு என்றால் அந்தப் பக்கக் கம்பிகளை வெட்டாமல் இதைச் சரிசெய்ய இயலாது.

*இரண்டு அளவும் சரியாக இருந்தும் ஒரு நுனி தாழ்ந்திருந்தால்* அந்த இறக்கைப் பலகையே முறுக்கியிருக்கிறது. மெல்லிய பாலிஸ்டைரீன் இறக்கை பெட்டியிலேயே வளைந்து வருவதுண்டு. ஒட்டுவதற்கு முன் தெரிந்தால், கை பொறுக்காத சூட்டில் ஆனால் கொதிக்காத வெந்நீரில் சில நொடிகள் முக்கி, எதிர்ப்பக்கம் சிறிது மிகையாக வளைத்துப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் விட வேண்டும். ஒட்டி, டீகல் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம்) பதித்த பிறகு வெந்நீர் முறையை முயலாதீர்கள்; டீகல் கிளம்புவதோடு பசை ஒட்டும் சூட்டில் தளரும்.

*சித்திரை, வைகாசியில் புதிதாகக் கோணியிருந்தால்* மாதிரி வைத்த இடத்தை மாற்றுங்கள். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழுள்ள பரணும் கதவடைத்து நிறுத்திய காரும் அதைவிட வெகுவாகச் சூடேறும். மிகையாக இறுக்கிக் கட்டிய கம்பி இருக்கும் இறக்கை அந்தச் சூட்டில் இழுத்த பக்கமே வளைந்து நிலைத்துவிடும். அப்படியான மாதிரியில் முதலில் கம்பிகளை வெட்டி இறக்கையை விடுவியுங்கள். ஓரிரு நாளில் ஓரளவு மீண்டால் மீள் நூலில் மறுபடி கட்டலாம். மீளவில்லையென்றால் புதிய இறக்கை வேண்டும்.

அறிகுறி 3: துளையிடும்போது மறுபக்கம் பிதுங்குகிறது, அல்லது ட்ரில் பிட் ஒடிகிறது

1/72 இறக்கையின் நுனிப்பகுதி 1 மி.மீ. தடிமனுக்கு மேல் இருப்பதில்லை. 0.3 மி.மீ. பிட்டில் முனையிலிருந்து அரை மி.மீ. விட்டு ஒரு துண்டு ஒட்டு நாடாவைக் கொடி போலச் சுற்றிவிட்டால் ஆழம் தானே கட்டுப்படும். பிட் ஒடிவதற்குப் பெரும்பாலும் காரணம் சாய்வு. கம்பி போகும் கோணத்திலேயே துளையிட வேண்டும் என்று நினைத்து நேரடியாகச் சாய்த்துத் தொடங்குகிறார்கள். ஊசியால் முதலில் ஒரு புள்ளிக் குழி போட்டு, நேராகத் தொடங்கி, பிட் கடித்த பிறகு மெல்லச் சாய்த்தால் ஒடியாது. மின் ட்ரில்லை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வேகத்தில் பிளாஸ்டிக் உருகிப் பிட்டைப் பற்றிக்கொள்ளும். கையால் உருட்டும் பின் வைஸ் போதும்.

மறுபக்கம் பிதுங்கிவிட்டால் பதற வேண்டாம். துளையை முழுவதும் ஊடுருவச் செய்து, கம்பியை அதன் வழியே மேலே இழுத்து, பசையிட்டு, உலர்ந்தபின் மட்டமாக வெட்டி, நிரப்பி தேய்த்து வண்ணம் தொட்டுவிடலாம். பிட் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் தோண்டாதீர்கள். 1 மி.மீ. தள்ளி வேறு துளை போட்டு, தங்கிய துண்டின் மேல் வண்ணம் பூசிவிடுங்கள்.

அறிகுறி 4: ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் படலம்

ஃபெவிக்விக் போன்ற விரைவுப் பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அருகிலுள்ள பரப்பில் வெள்ளைத் தூளாகப் படிவதே இது. கரும்பச்சை, அடர் பழுப்பு இறக்கைகளில் மிக மோசமாகத் தெரியும். பசை அதிகமாக வைத்தல், மூடிய அறை, மழைக்கால ஈரம் என்ற மூன்றில் ஒன்றோ மூன்றுமோ காரணம். குழாயிலிருந்து நேரே விடாமல், ஒரு தகரத் துண்டில் சொட்டு வைத்து, ஊசி முனையால் தொட்டு வையுங்கள். மின்விசிறியை மாதிரிக்கு நேராக வைக்காமல் அறைக்குள் காற்று நகரும்படி ஓடவிடுங்கள்.

படிந்துவிட்ட படலத்தை முதலில் சற்றே ஈரமான பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். போகவில்லையென்றால் ஒரு துளி தையல் எந்திர எண்ணெயைத் தூரிகையால் தொட்டுத் துடைத்தால் மறையும். அதற்கும் மிஞ்சினால் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு தேவை. எண்ணெய் தொட்ட இடமானால் சோப்பு நீரால் துடைத்த பிறகே வார்னிஷ் பிடிக்கும். நகப்பூச்சு நீக்கியைத் தொடவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன் பசையைக் கரைப்பதற்கு முன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும்.

அறிகுறி 5: பசை பிடிப்பதே இல்லை

பழைய குழாயாக இருக்கலாம். திறந்த குழாய் கோடையில் சில வாரங்களிலேயே கெட்டியாகி வலுவிழக்கிறது. காற்றுப்புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நெடுநாள் தாங்கும், ஆனால் வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படிந்து முழுக் குழாயும் கெட்டுவிடும்.

பசை புதிதாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் காரணம் நேர்மாறாக இருக்கலாம். இந்தப் பசை இறுகுவதற்குச் சிறிதளவு ஈரம் தேவை. மே மாத வறண்ட பகலில் அது நின்று நிதானமாகத்தான் இறுகும். ஒட்டிய இடத்தில் வாயால் ஒருமுறை ஊதினாலே போதும். சமையல் சோடாவை ஒரு சிட்டிகை தூவுவது சிலர் வழக்கம், அது உடனே கல்லாக இறுகும் என்றாலும் முடிச்சுப் போல் புடைத்துத் தெரிவதால் துளை அடைப்பதற்கு மட்டுமே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பசை கண்ணில் தெறித்தால் இமையைப் பிரிக்க முயலாமல் நிறைய நீர் விட்டுக் கழுவிக்கொண்டே உடனடியாகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் வேறெந்த மருந்தும் போடக் கூடாது.

அறிகுறி 6: எல்லாம் சரியாக இருந்தும் கம்பி கயிறு போல் தெரிகிறது

தடிமன்தான் குறை. உண்மையில் 6 மி.மீ. அகலமுள்ள கம்பி 1/72 அளவில் 0.083 மி.மீ., 1/48 அளவில் 0.125 மி.மீ. ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பட்டறைகளில் கிடைக்கும் மெழுகு நூல் வலுவானதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வலுவில் குறையில்லை, ஆனால் அதன் தடிமன் இந்த அளவுகளுக்கு ஒத்தே வராது. பருத்தி நூலையும் தவிர்த்துவிடுங்கள், எத்தனை மெழுகு தடவினாலும் அதன் மயிர் எழும்பும்.

மோட்டார் காயில் கட்டும் கடைகளில் மிச்சமாகும் மெல்லிய செம்புக் கம்பி நல்ல மாற்று. எஸ்.டபிள்யூ.ஜி. என்னும் கம்பித் தடிமன் வரிசையில் 44 எண் 0.081 மி.மீ., 42 எண் 0.102 மி.மீ., 40 எண் 0.122 மி.மீ. என்பதால் முதலாவது 1/72 அளவுக்கும் மூன்றாவது 1/48 அளவுக்கும் கச்சிதமாக உட்காருகின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் கம்பியை வைத்து எஃகு அளவுகோலால் அழுத்தி உருட்டினால் மயிரிழை பிசகாமல் நேராகும். பிறகு டிவைடரால் இடைவெளியை அளந்து, அதே நீளத்துக்கு வெட்டி, இரு முனைகளிலும் பசைப் புள்ளி வைத்து நிறுத்திவிடலாம், துளையே தேவையில்லை. கம்பி எதையும் இழுக்காததால் இறக்கை கோணும் பேச்சே எழாது. ஏற்கெனவே கட்டி முடித்து, துளையிட அஞ்சும் மாதிரிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழியை நான் அறியேன். ஒருமுறை விரல் பட்டு மடங்கினால் நிமிர்த்த முடியாது என்பது மட்டுமே இதன் குறை. அந்த ஒரு கம்பியை மாற்றினால் போதும்.

நிறமும் தடிமனைக் கூட்டிக் காட்டும். கன்னங்கரிய கம்பி தடித்தும், சாம்பல் கலந்த எஃகு நிறக் கம்பி மெலிந்தும் தோன்றும். பிரிட்டிஷ் விமானங்களில் தட்டையான, காற்றைக் கிழிக்கும் வடிவக் கம்பிகள் இருந்தன என்பதால் மீள் நூலிலும் தட்டை வகை கிடைத்தால் அவற்றுக்கு அதையே தேர்ந்தெடுங்கள். ஜெர்மானிய, பிரெஞ்சு விமானங்களில் உருண்டைக் கம்பி வடமும் அதை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளும் இருக்கும். 1/72 அளவில் டர்ன்பக்கிளுக்கு ஒரு துளி வண்ணமே போதுமானது.

அறிகுறி 7: குறிப்புத் தாளில் கம்பியே காட்டவில்லை

அது குறையாக இல்லாமலும் இருக்கலாம். ஃபொக்கர் டி.7 விமானத்தின் இறக்கைகள் உள்ளிருக்கும் மரச்சட்டத்தாலேயே தம்மைத் தாங்கிக்கொள்வதால் இறக்கைகளுக்கிடையே கம்பி கிடையாது. அங்கே அழகுக்காகக் கட்டினால் பிழை. அதே நிறுவனத்தின் மூன்று இறக்கை விமானத்திலும் கேபேன் ஸ்ட்ரட்டுகளுக்கிடையே உள்ளவை தவிர இறக்கைகளுக்கிடையே வேறு குறுக்குக் கம்பிகள் இல்லை. மாறாக ஸ்பாட் 13 வகையில் கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் மெல்லிய நடுத்தூண் ஒன்று இருக்கும். கம்பிகள் அந்தத் தூணோடு இணைக்கப்பட்டவை என்பதை மறந்து அதைச் சுற்றி நூலைக் கொண்டுபோனால் எத்தனை இறுக்கியும் கோடு நேராக வராது. முதல் ரிக்கிங் மாதிரிக்கு எதைக் கட்டலாம் என்று கேட்பவர்களுக்கு நான் டி.7 என்றே சொல்கிறேன். வால் பகுதி முழுவதும் சட்டமும் கம்பியுமாக நிற்கும், உந்துவிசிறி பின்னால் அமைந்த டி.எச்.2 போன்றவற்றை, கேபேன் அசையாமல் ஒட்டுவது கைவந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 8: பயணத்தில் இறக்கை கழன்றுவிட்டது

மேல் இறக்கை கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தால் அப்படியே தூக்கி ஒட்ட முயலாதீர்கள். எல்லாக் கம்பிகளையும் இறக்கை ஓரத்தோடு வெட்டி, ஸ்ட்ரட் குழிகளிலிருந்த பழைய பசையைக் கத்தியால் சுரண்டி, அறிகுறி 2-இல் சொன்ன அளவுகளைப் பார்த்து இறக்கையை மட்டும் முதலில் நிறுத்துங்கள். ஒரு நாள் முழுவதும் உலர்ந்த பிறகே புதிய கம்பிகள். இறக்கையின் நடுச்சட்டமும் பிளந்திருந்தாலோ, மாதிரி வேறொருவர் நினைவாக வைத்திருக்கும் பழைய பொருளாக இருந்தாலோ, எதையும் வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கமும் ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, உதிர்ந்த துண்டுகளைச் சிறு டப்பாவில் சேர்த்து, ரிக்கிங் பழகிய ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பசை ஏறாத துண்டுகளாகக் கொடுத்தால் வேலை பாதியாகக் குறையும்.